ஈரத்தில் அடைத்த கிடை

திருத்தங்கலில் ஆட்டு மந்தை பேருந்தை மறித்தது. நனைந்த ஆட்டு வாடை ஜன்னலில் ஏறியதும், இருபது வருடங்களுக்கு முந்தைய மல்லாங்கிணற்றுக் கரிசலில் நின்றேன்.

எருவுக்காக எங்கள் நிலத்தில் அப்பா ஆட்டுக்கிடை அடைத்திருந்தார். மழை பெய்து மண் சேறானதும், மந்தைக்குத் தலைவரான கீதாரி ஆடுகளைக் கிளப்பினார். அப்பா கம்போடு குறுக்கே நின்றார்.

“பேசுன நாளு முடியாம ஓட்டிட்டுப் போயிருவீகளோ?”

“ஈரத்துல ஆடு மிதிச்சா மண்ணு இறுகிரும், விடுங்க!” என்று அம்மா கத்தினாள்.

கீதாரியும் தன் கம்பை இறுகப் பிடித்தார். நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன். கடைசியில் கீதாரிதான் தணிந்து, ஆடுகளை மறுபடி எங்கள் நிலத்திலேயே அடைத்தார்.

ஆடுகள் மிதித்த சேறு காய்ந்து பாறையானது. அடுத்த மழை உள்ளே இறங்காமல், புழுக்கையையும் அடித்துக்கொண்டு ஓடைக்கு ஓடியது. அப்பா ஆத்திரத்தில் மண்ணைக் குத்தினார். கம்புதான் முறிந்தது.

பேருந்து கிளம்பியது. வானம் மறுபடி கறுத்திருந்தது. ஜன்னலில் எக்கி, மந்தைக்காரரிடம் கத்தினேன்: “அண்ணாச்சி, யாரு மறிச்சாலும் ஈரத்துல அடைச்சிராதீக!”