ஊரிலே எவடம்?

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: வகுப்பெடுத்த தேவகி. கடைசி வரிசையில், மடியில் கோப்புடன், மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்கார அம்மா. பதினாறு வயது நிரோஷன். அவன் தங்கை நிலா. சுகந்தன். மேலங்கியைக் கழற்றாத ஷாமினி. பிறகு நான்.

தேவகி ஆசிரியராக வந்திருக்க வேண்டியவள். அதைக் கெடுத்தவன் நான்!

உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். மனைவிக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெம்பிளியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். கதவு திறப்பது, ஹீட்டர் போடுவது, பிள்ளைகள் இருக்கும் கதிரைகளை அடுக்குவது என் பொறுப்பு. கிழமை நாட்களில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

தேவகி எட்மண்டனிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவாள். கல்லூரியில் ஒரு படிப்பு. இந்த நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சனத்தின் கதையைக் கற்பிக்கப் பழக்கும் படிப்பு. பத்து வகுப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகள் இருந்து, அந்த வெள்ளைக்கார அம்மா பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் சான்றிதழ்.

அவள் புத்தகத்தைத் திறப்பதில்லை. பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு இருத்துவாள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். ஏழாவது வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டாள்.

நான் டை கட்டிக்கொண்டு போனேன்.

“அங்கிள், யாருக்கு வெடிங்?” என்றான் நிரோஷன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிலாதான் கேட்டாள். “அங்கிள், உங்கட ஊர்க் கோயிலுக்குள்ள எவ்ரிபடியும் போகலாமா?”

“ஓம் பிள்ளை. சாமி கும்பிட ஆர் தடை?”

நான் சொன்னது பொய்! தேவகி நிலத்தைப் பார்த்தாள்.

பிள்ளைகள் போன பிறகு கதிரை அடுக்க உதவினாள். அப்போது கேட்டேன். ஊரில் எந்த இடம் என்று நம்மவர் வாயில் தானாக வரும் கேள்வி. “பிள்ளை, ஊரிலை எவடம்?”

உங்களுக்குத் தெரியும் அது எதற்கான கேள்வி என்று. ஊர் போதாது நமக்கு. எந்தச் சின்னத் தெரு, எந்த ஒழுங்கை என்று வேண்டும். ஒழுங்கை தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

அவள் மறைக்கவில்லை. ஒழுங்கையையும் சொன்னாள். “என்ர அம்மா வெளி வீதியிலை நிண்டுதான் கும்பிட்டவ, அண்ணை. நீங்கள் சொன்னது பொய் எண்டு எனக்குத் தெரியும். வாற கிழமை பிள்ளையளுக்கு உண்மையைச் சொல்லுவியளோ?”

“ஓம்” என்றேன்.

வீட்டுக்குப் போனதும் பெற்றார் சங்கச் செயலாளரான நிலாவின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, சும்மா சொல்லுறன்... உந்த வகுப்பெடுக்கிற பெட்டை எவடம் தெரியுமோ?”

சொன்னேன்.

“அதுதானே பாத்தன்! கோயில் கதை எல்லாம் கேக்கப் பழக்கிறாளாம். எங்கட பிள்ளையள் இனி வராதுகள். மற்ற ஆக்களுக்கும் நான் சொல்லுறன்.”

ஏன் எடுத்தேன்? அவள் என்ன தீங்கு செய்தாள் எனக்கு? பெட்ரோல் நிலையத்தில் சின்னப் பையன்கள்கூட என்னை ‘ஏய்’ என்பார்கள். இந்த நாட்டில் எல்லாருக்கும் கீழே நின்றேன். எனக்குக் கீழே ஒருத்தி கிடைத்தாள்... அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் வரவில்லை. தேவகி கரும்பலகையைத் துடைத்துவிட்டு இருந்தாள். வெள்ளைக்கார அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“அண்ணை, ஆரும் ஏதும் சொன்னவையோ?”

“சோதினைக் காலம், பிள்ளை. படிக்குதுகள் போல.”

முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நம்பினாளா? தெரியாது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். “தாங்ஸ் அண்ணை” என்று வாங்கினாள். ஐயோ, அந்தக் கோப்பையை அவள் போன பிறகு தனியாகக் கழுவினேன்! அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிள்ளைகள் இல்லாத வகுப்புக்குக் கையெழுத்து இல்லை. வேறு பள்ளி தேடுவதற்குள் கல்லூரித் தவணை முடிந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எட்மண்டன் பக்கம் போனதுண்டு. அவளைத் தேடியதில்லை. கண்டால் என்ன சொல்வேன்?

பிள்ளைகள் வராதென்று தெரிந்த பிறகு அவள் வராமல் விட்டிருக்கலாம். வந்தாள். நான் கதவு திறந்தேன். வெறும் கதிரைகளுக்கு முன்னால் வகுப்பு நேரம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனாள்.

மிச்ச மூன்று சனிக்கிழமையும்.