களிம்பில் ஐந்து விரல்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இட்டுக்கட்டிச் சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில், ஒரு தீக்காய வார்டில், முப்பது வருடமாகக் கட்டுக் கட்டிவரும் ஒரு நர்ஸுக்கு. பஞ்சக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். "பஞ்சக்கா கை பட்டா பாதி வலி போயிடும், மீதிப் பாதிக்குத்தான் ஊசி" என்று டாக்டரே சொல்வார். யாராவது பேய், பிசாசு என்று வாயெடுத்தால், "செத்தவங்க என்னய்யா பண்ணாங்க? உயிரோட இருக்கறவங்கதான் உயிரை வாங்குறாங்க" என்பார் அக்கா.

அந்தப் பெயின்டரைக் கொண்டுவந்தபோது அவன் வலது கை முழங்கைவரை வெந்திருந்தது. அவன் வேலை செய்த பட்டறையில் தீ. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபரேஷன் வேண்டாம். அடித்தோல்ல உயிர் இருக்கு. களிம்பைத் தடிமனாப் போட்டு, புண்ணு காயாம பாத்துக்கிட்டா தானா மூடிக்கும்." பெயின்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கத்தி வைக்காம விட்டதே போதும் சிஸ்டர்."

தினமும் காலை 11:20. பழைய கட்டைப் பிரிப்பது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவுவது, விரல்கனத்துக்குக் களிம்பு பூசுவது, வலைத்துணி சுற்றி மேலே கட்டுவது. எல்லாம் அக்கா ஒருத்தர்தான்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார். மணிக்கட்டுக்கு மேலே, களிம்பில் நாலு பள்ளம். கையைப் புரட்டினால் அந்தப் பக்கம் ஒன்று. ஐந்து. நாம்தான் அழுத்திக் கட்டிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, வழித்தெடுத்துப் புதிதாகப் பூசினார்.

நாலாம் நாளும் அதே இடம். அதே ஐந்து.

அக்காவுக்கு நெருடியது. அன்று கட்டு முடிந்ததும் ஒட்டுப்பட்டையின் மேல் குறுக்கே பேனாவால் கையெழுத்துப் போட்டார். யாராவது பிரித்தால் கோடு விலகும்.

ஐந்தாம் நாள். கோடு விலகவில்லை.

உள்ளே ஐந்து பள்ளம் இருந்தது.

அக்கா தன் விரல்களை மேலே வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. பெரிய கை. கட்டில் பக்கம் நிற்பவர் பிடிக்கிற பிடியும் இல்லை. கீழே கிடப்பவர் எட்டிப் பிடிக்கிற பிடி...

"யாராவது உன் கையைப் பிடிச்சாங்களாப்பா?"

பெயின்டர் சுவரைப் பார்த்தான். "பட்டறைக்குள்ள நான் மட்டும்தான் இருந்தேன்."

அக்கா கேட்டது அதை இல்லை.

இதில் விசித்திரம், விரல் பதிந்த இடங்களில்தான் முதலில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப்பார்த்தது. டாக்டருக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு!" அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

பன்னிரண்டாம் நாள். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். அறையில் அவனும் அக்காவும்தான். மணி 11:31. புதுக் களிம்பு பூசியாயிற்று. வலைத்துணியை எடுக்க அக்கா திரும்பினார்.

சொத்...

ஈரமான சின்னச் சத்தம்.

திரும்பிப் பார்த்தார். களிம்பில் ஒரு பள்ளம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று.

சொத்... சொத்...

நாலு. பிறகு அடியில், கட்டைவிரல்.

"அக்கா... இழுக்குறான்..."

கை கட்டிலை விட்டுச் சரிந்தது. தரையை நோக்கி.

அக்கா அவன் முழங்கையைப் பிடித்தார்.

அந்தப் பக்கமும் பிடி விடவில்லை.

11:33.

விட்டது.

அக்கா வலைத்துணியைச் சுற்றிக் கட்டுக் கட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கட்டைப் பிரிக்கும் நாளெல்லாம் இன்னொரு நர்ஸைக் கூடவே நிறுத்திக்கொண்டார். பள்ளம் மறுபடி விழவில்லை. இருபத்திரண்டாம் நாள் புண் மூடி, பெயின்டர் வீட்டுக்குப் போனான். கத்தி படாமல் குணமான கை.

இரண்டு மாதம் கழித்து, கழுத்தில் நீராவி பட்ட ஒரு தீயணைப்பு வீரர் கட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில் பட்டறைத் தீ பற்றி வந்தது.

"அதுக்கு நாங்கதான்க்கா போனோம். ஷட்டர் முக்கால்வாசி இறங்கி மாட்டிக்கிச்சு. அந்தப் பெயின்டர் வெளிய கிடந்தான். அடியிலேர்ந்து ஒரு கை நீண்டு அவன் கையைப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவு லேசுல விடல. ஒவ்வொரு விரலாப் பிரிச்சோம். பிரிச்சதும் கை உள்ள போயிடுச்சு."

"உள்ள இருந்த ஆள்?"

"ஷட்டரை அறுத்துத் தூக்கினோம். அங்க யாருமே இல்ல."

அக்காவின் கை நின்றது.

"ஒரே ஒரு பிணம்தான்க்கா. பின்னறையில. இருபதடி தள்ளி. அந்தப் பெயின்டரோட முதலாளி." அவர் குரல் தாழ்ந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கு உயிரு. அந்த அறைக் கதவு..."

"கதவு?"

"வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு."