நஜ்ஜார் வீட்டு விருந்தாளி

அந்த வாரம் முழுவதும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முகம் வாடித்தான் வந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் உட்காரும் பெஞ்சின் கால் ஆடுகிறதாம். பக்கத்தில் இருப்பவள், "ஏட்டி ஆசாரி, இத நீயே தட்டிச் சரியாக்கு" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

"நாம ஆசாரியாம்மா?"

"உங்கப்பா எஞ்சினியரு மக்கா. யாரு கேட்டாலும் அதச் சொல்லு" என்றேன். சொன்ன நிமிடத்திலேயே, இது சரியான பதில்தானா என்று மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. பூதப்பாண்டியில் என் அப்பா இன்றும் உளியும் இழைப்புளியுமாகத்தான் இருக்கிறார். அவரை மறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ?

இதற்கிடையில் விருந்தாளி வருகிறார் என்று வீடே அமளிப்பட்டது. குவைத்தில் என் கணவரோடு வேலை செய்பவர், அந்த நாட்டுக்காரரே, மனைவியின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த என் கணவர், அவர்கள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத் திருவட்டாறுக்கு அழைத்துவிட்டார். கோழி வாங்கினால் ஹலாலோ இல்லையோ என்ற சந்தேகத்தில், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நெய்மீன் சொல்லி வாங்கினேன். எரிப்பு கூடிவிடுமோ என்று குழம்பை எத்தனை முறை ருசி பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வந்தவர்களை வாசலிலேயே கைகூப்பி, "வாங்க, நஜ்ஜார் அண்ணா" என்றேன்.

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, அது அவரு பேரு இல்ல. குடும்பப் பேரு."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. நம் ஊரில் அப்பா பேரின் முதல் எழுத்து முன்னால், சொந்தப் பேர் கடைசியில். அவர் பேரில் கடைசியாக இருந்ததையே நான் அவர் பேராக எடுத்துக்கொண்டேன். என் கணவர் அதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க, அவரும் சிரித்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தப் பேரின் அர்த்தத்தைச் சொல்ல உள்ளங்கையை மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார். இழைப்புளி போடுவதுபோல.

"மர வேலக்காரர்னு அர்த்தமாம்" என்றார் என் கணவர்.

மகள் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். "ஆசாரியா? இந்த மாமாவும் ஆசாரியா?"

அதன்பின் சாப்பாடு யாருக்கு நினைவிருந்தது! முன்னோர் ஒருவரின் தொழிலோ ஊரோ கோத்திரமோ ஒட்டிக்கொண்டு அப்படியே குடும்பத்துக்குப் பேராகிவிடுமாம். ஹத்தாத் என்றால் கொல்லர், ஹய்யாத் என்றால் தையல்காரர். அவருக்குத் தெரிந்த ஹத்தாத் ஒருவர் பல் டாக்டராம். "இரும்ப இன்னும் கைவிடல, கொறடு பிடிச்சிருக்காரு" என்று என் கணவர் மொழிபெயர்த்தபோது விருந்தாளியின் மனைவியும் சிரித்தார். நஜ்ஜாரின் முப்பாட்டன்மார் பாய்க்கப்பல் கட்டியவர்கள். அதற்கான மரம் நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான் போனது என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். இவர் கையில் உளி பிடித்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பேரை எங்கே போனாலும் தலை நிமிர்ந்து சொல்கிறார். எனக்குக் கை கழுவக்கூடத் தோன்றவில்லை. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று என் கணவரைப் போட்டுப் பிடுங்கினேன்.

புறப்படும்போது அவர் எங்கள் முன்கதவில் கையை வைத்தார். அயினி மரப் பலகையில் செய்த கதவு. பொருத்துகளை விரலால் தடவிவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா" என்றேன். "அவரும் நஜ்ஜார்தான்."

அவர் கதவின்மேல் இருந்த கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மகள் முற்றத்துக்கும் வாசலுக்குமாகக் குதித்தாள். எனக்கும் கூடக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவர்கள் கார் திரும்பியதும் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அந்தப் பெஞ்ச தாத்தா வந்து சரியாக்குவாரா?"

டீச்சர் என்ன நினைப்பாரோ, பிள்ளைகள் இன்னும் கூடுதலாகக் கிண்டல் பண்ணுமோ என்றெல்லாம் ஓடியது. ஓடட்டும் என்று அப்பாவுக்குப் போன் போட்டேன். போனைப் பிடுங்கி அவளே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். குவைத், கப்பல், நஜ்ஜார், பெஞ்சு.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தக் காலு ஆடுகு மக்கா?"