தம்பிக்கு வாய் இருக்கிறது

போன வாரம் புதுக்கோட்டையில் மாற்றுத்திறனாளிகள் முகாம். என் தம்பி அருளைக் கூட்டிப் போயிருந்தேன். தென்னையிலிருந்து விழுந்ததில் இரண்டு கால்களும் செயலிழந்தவன். வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

அவன் கேட்பது மூன்று சக்கர ஸ்கூட்டர். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் வேலை தருகிறேன் என்றிருக்கிறார் — விடிவதற்குள் அவனாக வந்து சேர்ந்தால்! எனக்கோ ஸ்கூட்டர் என்றாலே எதிரே லாரிதான் தெரியும். குறுக்கே நாய் வரும். மழை வேறு பெய்யும்...

நமக்காக வாதாட ஒருவர் வருவார் என்று தொண்டு நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். நான் கறுப்புக் கோட்டை எதிர்பார்த்தேன். சுடிதாரில் ஒரு பெண் வந்து, தம்பி பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்கார நான் போதாதா?

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இவரு பேரென்னம்மா?"

"அருளுங்க சார்."

"நல்லாச் சாப்புடுறாரா, தூங்குறாரா?"

"நல்லாத் தூங்குவான் சார். குளுருதான் ஆகாது."

கால் நடக்காவிட்டால் காதும் வாயும்கூட வேலை செய்யாது என்று யார் நமக்குச் சொன்னது?

"என்ன வேணுமாம்?"

"வீல்சேர் போதுங்க சார்." என் பயம் முந்திக்கொண்டது.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சார், அவரு இங்கிட்டு உக்காந்திருக்காரு. அவர்ட்டயே கேளுங்க." பிறகு என்னிடம், "அக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

வாதாடுவது என்றால் எதிர்க்கட்சியை வெளியே அனுப்புவதா? அதுவும் நானா எதிர்க்கட்சி?

நானாவது போவதாவது! கதவோரம் நின்றுகொண்டேன்.

"ஸ்கூட்டர்தான் சார் வேணும்" என்றான் தம்பி. "கை ரெண்டும் நல்லா இருக்கு. பூக்கடையில வேலை காத்திருக்கு. நானாப் போகணும்."

"விழுந்துட்டா?"

"தென்னை ஒசரத்துலேருந்தே விழுந்தவன் சார் நான். ஸ்கூட்டரு என்ன ஒசரம்?"

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, ஸ்கூட்டருக்கே எழுதிட்டேன்."

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்கு லாரி மறுபடி கண்ணில் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி என்னைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்: "அக்காவுக்கு என்ன செய்யுது?"

"பயம் சார். மத்தபடி நல்லாச் சாப்புடும், தூங்கும்."

நான் அங்கேயேதான் நிற்கிறேன்... என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?