ஐந்தாவது நட்டு

ஆயில் கேன் மூடிக்குள் இருந்த சீட்டுக்குப் பரிசு விழுந்துவிட்டது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தபோது கரடி ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். போனை எடுத்தவன் ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியன். விஷயத்தைக் கேட்டதும் வேனின் கதவில் இரண்டு தட்டு தட்டினான்.

"கரடியண்ணே, வெளிய வாங்க. உங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு. கார் ராலி ரேஸ் பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்களாம். பஸ்ஸு, சாப்பாடு, தொப்பி எல்லாமே ஓசி."

குனிந்து பார்த்தான். கழற்ற வேண்டிய போல்ட்டை கரடி மும்முரமாக இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் முடி, பேச்செல்லாம் உறுமல். முப்பது வருஷமாக அதே ஒர்க்‌ஷாப்பில் மெயின் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் "தப்பு என் மேலதான்" என்று அவர் சொல்லி ஒரு ஜீவன் கேட்டதில்லை. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேண்டிய இடத்தில் வாய் தவறிப் பதிமூன்று என்று கேட்டுவிட்டால், மாற்றிக் கேட்க மாட்டார். பதிமூன்றை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார். கடைசியில் போல்ட்டைத்தான் திட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் காருக்கு நாலு சக்கரத்திலும் பிரேக் கட்டை மாற்றினார்கள். வேலை செய்தவன் கரடியின் மகன். இருபத்திரண்டு வயசு, அப்பாவிடமே தொழில் படித்தவன். மூன்று சக்கரத்தை மாட்டி முடித்து நாலாவதைத் தூக்கியபோது கரடி வந்து அவன் கையிலிருந்து வீல் ஸ்பேனரைப் பிடுங்கினார்.

"என்னடா ஆடி அசைஞ்சு செய்யுற? போய் அந்த லாரிக்கு ஜாக்கி போடு. இதை நான் பார்த்துக்கறேன்."

நாலு நட்டுகளை விரலாலேயே திருகி வைத்தார். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது முதலாளி கூப்பிட்டார். நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சக்கரம் மாட்டியிருந்ததுதான் கண்ணில் பட்டது. வீல் கப்பை அடித்து மூடினார், ஜாக்கியை இறக்கினார், அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடைத்தெருவில் அந்தச் சக்கரம் காரை விட்டுத் தனியாகக் கிளம்பிப் போய் ஒரு தையல் கடைக்குள் நுழைந்தது. கார் விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. டாக்டரின் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

டாக்டர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "எவன்யா மாட்டினது?" என்று கத்தினார். முதலாளி கரடியைப் பார்த்தார். கரடி மகனைப் பார்த்தார். ஐந்தாவது நட்டு அந்த நிமிஷம் அவர் நினைவில் இல்லை என்பது நிஜம். பளார் என்று ஒன்று விட்டார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகன் கன்னத்தைத் தொடவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி. பிறகு கையைத் துடைத்துவிட்டு, துணியை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனவன்தான், வீட்டுக்கும் திரும்பவில்லை.

அன்று மத்தியானம், முந்தின நாள் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து நீட்டினாள்.

"என்னங்க, இது உங்க பையில இருந்துச்சு."

பார்த்த உடனே கரடிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் வாய் சொன்னது வேறு. "அது வேற வண்டியோடது."

அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் அதை வைத்தாள். மூன்று வருஷமாக தினமும் அந்தப் பலகையைத் துடைக்கிறாள். நட்டைத் தூக்குவாள், அடியில் துடைப்பாள், திரும்ப அதே இடத்தில் வைப்பாள். கரடி தினமும் அந்தக் கண்ணாடி முன்னால்தான் முகச்சவரம் செய்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் மகனுக்குக் "கழண்டவன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏதாவது சாமான் காணாமல் போனால், "கழண்டவன் கொண்டுபோயிருப்பான்" என்று சிரிப்பார்கள். கரடி தலையைத் தூக்க மாட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையைத் தாண்டி வருவேனா என்றது.

போன வருஷம் எலக்ட்ரீஷியன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ராலி வண்டி ஒன்று, நீலக் கலர், பதினாலாம் நம்பர். பக்கத்தில் நீல உடுப்போடு மண்டி போட்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவன் இவருடைய மகன். "பாருங்கண்ணே, கழண்டவனுக்கு வந்த வாழ்வை" என்றான். அன்றைக்கு அடுத்த வாரமே ஆயில் கம்பெனி ராலிப் பரிசுத் திட்டம் போட்டது. பரிசு விழுந்தவர்களுக்கு வண்டிகளைச் சரிபார்க்கும் சர்வீஸ் இடத்துக்குள்ளேயே போக அனுமதி உண்டு. கரடி ஒரு மூடியையும் விடவில்லை. வருஷம் பூரா சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட்டார்.

தானாகவே ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். ஆனால் எதற்குப் போகிறாய் என்று மனைவி கேட்பாள், முதலாளி கேட்பார், மகனும் கேட்பான். பரிசு விழுந்தது, அதனால் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது அந்த மனுஷனுக்கு.

"கேன் வாங்கினது நான்யா. நியாயமாப் பார்த்தா நான்தான் போகணும்" என்றார் முதலாளி.

"சீட்டுல என் பேர்தான் இருக்கு."

"கரடி பேருக்கெல்லாமா பரிசு குடுக்கறான்? ராலிக்குக் கூட்டிட்டுப் போறானா, கூண்டுல விடக் கூட்டிட்டுப் போறானா, விசாரிச்சுக்கோ."

கிளம்புகிற அன்று விடிந்ததும் சவரம் செய்துவிட்டு, மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்துப் பலகையில் கையை வைத்தார். நட்டைக் காணோம். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தடவினார். பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மனைவி சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "எடுத்த இடத்துலயே போட்டிருக்கேன்" என்றாள்.

பை கனத்தது.

பஸ்ஸில் முப்பது பேர். எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. கம்பெனிப் பெண் ஒருத்தி கையில் சின்னக் கொடியோடு, முதலில் ஒரு வளைவில் வண்டிகள் பறப்பதைப் பார்ப்போம், பிறகு சர்வீஸ் இடத்தில் அரை மணி நேரம், பிறகு சாப்பாடு, போட்டோ என்று சொன்னாள். கரடிக்கு அந்த அரை மணி நேரம் மட்டும்தான் காதில் விழுந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன் வண்டி எவ்வளவு ஓடும் என்று ஆரம்பித்தார். கரடி ஒரு உறுமல் உறுமினார். அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வளைவில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். முதல் நாலு வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஐந்தாவது வண்டி எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று போட்டியை நிறுத்தினார்கள். வெயில் ஏறியது. மறுபடி விட்டபோது மூன்றாவதாகப் பதினாலாம் நம்பர் நீல வண்டி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கரடி காதை மட்டும் நீட்டினார். வண்டி வளைந்து திரும்பும்போது சத்தத்துக்கு அடியில் ஓர் இழுவை, அரவை மிஷின் காலியாகச் சுற்றுகிற மாதிரி. பின்பக்கம் இடது சக்கரத்தில் பேரிங் தேய்ந்து போகிறது. இதோடு ரொம்ப தூரம் ஓட்ட முடியாது. நேரே சர்வீஸ் இடத்துக்குத்தான் போகும்.

அப்போது பார்த்துக் கம்பெனிப் பெண் கொடியை ஆட்டினாள். "சாரிங்க, ரொம்ப லேட் ஆயிடுச்சு. சர்வீஸ் இடத்துக்குப் போக நேரமில்லை. நேரா சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

கரடி அவள் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எனக்குச் சாப்பாடு வேணாம். என்னை மட்டும் அங்க விட்டுடும்மா."

"ஒருத்தருக்காக பஸ் போகாது சார். ரூட்டே வேற."

"எவ்வளவு தூரம்?"

"இந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம். ஆனா நடந்தெல்லாம் போகக் கூடாது சார். நாலு மணிக்கு பஸ் கிளம்பிடும், யாருக்காகவும் நிக்காது. சார்! சார்!"

கரடி சரிவில் இறங்கிவிட்டார். பாதை இல்லை, கல்லும் முள்ளும்தான். முப்பது வருஷம் சிமென்ட் தரையில் மண்டி போட்ட முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தி வைத்துக் குத்தியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கினார். தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியாது. சட்டைப் பையை மட்டும் ஒரு கையால் பொத்திக்கொண்டார். இன்றைக்கு விட்டால் இனி இல்லை, அடுத்த சாக்கு கிடைக்கப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் தனக்கு என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

சர்வீஸ் இடத்தின் கயிற்றுக்கு அருகே காவல்காரர் மறித்தார். சட்டையெல்லாம் மண், உள்ளங்கையில் ரத்தம். பிச்சைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ. கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

"கயிறு வரைக்கும்தான். தாண்டக் கூடாது."

நீல வண்டி அப்போதுதான் நின்றிருந்தது. நேரம் காட்டும் பலகையில் சர்வீஸுக்கு இருபது நிமிஷம் என்று விழுந்து, ஒவ்வொரு நொடியாகக் குறைய ஆரம்பித்தது. மகன் பின்பக்கம் இடது சக்கரத்தில் இருந்தான். உடம்பு பெருத்திருந்தது. பத்தடி தூரம். கூப்பிட்டால் கேட்கும். "டே" என்பது வாய் வரைக்கும் வந்தது. கரடி விழுங்கினார். வேலையில் இருக்கிறவனைப் பாதியில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

பழைய பேரிங்கைச் சக்கரம் மாட்டும் ஹப்போடு சேர்த்துக் கழற்றினான், புதுசை ஏற்றினான். ஒரு அசைவு கூட வீண் இல்லை. சக்கரத்தை மாட்டி ஐந்து நட்டையும் இறுக்கினான். பிறகு ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, ஒவ்வொரு நட்டாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று உரக்கச் சொல்லிக் கோடு போட்டான். இன்னொருத்தன் வந்து சரிபார்த்தான். அவன் போன பிறகு, யாரும் கேட்காமலே, மகன் மறுபடி ஐந்தையும் கையால் தொட்டுப் பார்த்தான். பலகையில் நாற்பது நொடி இருந்தபோது மூன்றாம் தடவையும் தொட்டான்.

கரடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று மகனுக்கு விட்ட அறை மூன்று வருஷமாக இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

வண்டி போனது. புழுதி அடங்கியதும் மகன் நிமிர்ந்தான், அப்பாவைப் பார்த்தான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கயிற்றருகே வந்தான்.

"பரிசு விழுந்துச்சு" என்றார் கரடி. "ஆயில் கேன் மூடியில."

"ம். அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"கையில என்ன ரத்தம்?"

"அது கிடக்கட்டும்." பைக்குள் கையை விட்டு நட்டை எடுத்து நீட்டினார். உறுமல் எங்கே போனதோ, குரல் காற்று மாதிரி வந்தது. "அன்னிக்கு அந்தக் கடைசி வீலு... நான்தான் இறுக்காம விட்டேன். இது என் பையில இருந்துச்சு."

மகன் நட்டைப் பார்த்தான். வாங்கவில்லை.

"தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினது யாரு? அடி வாங்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன். அஞ்சு நிமிஷம் நின்னேன்ப்பா." அவன் குரல் ஏறவில்லை. "எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா? தெரியாதவங்க எல்லாம் ஒர்க்‌ஷாப்லதானே இருக்காங்க. அங்க சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்."

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் போய்ப் பழைய சக்கரங்களை அடுக்க ஆரம்பித்தான்.

கரடி நட்டோடு நின்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வந்ததும் சொல்லலாம். ஆனால் கரடிக்குக் கரடியைத் தெரியும். ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததும் பழைய உறுமல் வந்துவிடும். திங்கள் செவ்வாயாகும், பலகையில் நட்டு திரும்ப ஏறிவிடும்.

போனை எடுத்தார்.

"என்னய்யா கரடி, ஓசிச் சோறு ஆச்சா?" என்றார் முதலாளி.

"முதலாளி, ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேட்கணும்."

"போட்டுட்டேன். சத்தமா பேசு, இங்க கம்ப்ரஸர் ஓடுது."

"அந்தப் பல் டாக்டர் வண்டி, அந்த வீலை மாட்டினது நான்."

"டாக்டர் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் விளங்கலை."

"பல் டாக்டர் வண்டி!" கரடி கத்தினார். கயிற்றோரம் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். "அன்னிக்கு நட்டை இறுக்காம விட்டது நான்! என் பையன் இல்லை! நான்!"

"டேய், அந்தக் கம்ப்ரஸரை நிறுத்துங்கடா! கரடி என்னமோ சொல்லுது."

போனுக்குள் கம்ப்ரஸர் முனகி, இழுத்து, நின்றது. தகரம் தட்டுகிற டிங்கரின் சுத்தியலும் நின்றது. யார் யார் எங்கெங்கே நிற்பார்கள் என்று கரடிக்குப் பார்க்காமலே தெரிந்தது. இந்தப் பக்கம், மகன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடுக்கிய சக்கரங்களின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது.

"இப்ப சொல்லுய்யா. எல்லாரும் இருக்கோம்."

கத்துவது எத்தனையோ சுலபமாக இருந்தது. இப்போது கத்தத் தேவையில்லை. நட்டின் விளிம்பு உள்ளங்கைப் புண்ணில் பதிகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி," என்று கரடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.