நான் செத்துக் கிடந்த நாடகம்

கல்லூரியில் ஒரு வருடம் ஓவியமும் நாடகமும் படித்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம் பிணம். வசனம் இல்லை. ஆனால் தொடக்கத்திலிருந்து திரை விழும்வரை மேடையை விட்டு இறங்காத ஒரே ஆள் நீதான் என்று ஆசிரியை என்னைத் தேற்றினார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. கனடாவின் மொன்றியலில் எங்கள் ஈழத்து ஆட்களின் பிள்ளைகளெல்லாம் கணக்கியலும் கணினியும் படிக்க, நான் மட்டும் பஸ் மாறி மாறி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரிக்குப் போய்ப் பழங்களைப் பார்த்துப் படம் கீறிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது பெரிய மானக்கேடு. ஒருமுறை அவரையே இருத்திவைத்துக் கீறினேன். படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆர், உன்ர மாமியோ?" என்றார். மாமி அப்பாவின் தங்கை. அம்மாவுக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

கடைசியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "நாடகத்தை வந்து பாப்பன். சரியில்லையெண்டால் அடுத்த தவணை நீ கணக்கியல்தான்."

என்ன வேடம் என்று நான் சொல்லவில்லை. யாராவது தும்மினாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிற மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது?

நாடகம் இரண்டு நாள். முதல் நாள் அம்மா டோர்வலில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலையை முடித்து, நேரே வந்து முன்வரிசையில் இருந்தார். விளக்கு எரிந்தபோது நான் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். "சிவசிவா" என்று அம்மாவின் குரல் கேட்டது. கணக்கியல் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகம் ஆங்கிலம், அதுவும் நவீனமானது. மேடையில் என் தாயாக நடித்தவள் மகளுக்காக அழக் கூடாது. காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எங்கள் ஆட்களின் செத்த வீடுகளில் ஒப்பாரிக்கு முதல் குரல் எடுப்பது என் அம்மாதான். அழ ஆளில்லாமல் ஒரு பிரேதம் கிடப்பதை அவரால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ள முடியும்?

"ஐயோ, என்ர ராசாத்தி!"

அம்மாவின் கதிரை கிறீச்சிட்டது.

"பெத்தவள் கல்லு மாதிரி நிக்கிறாளே! விடிய விடியப் படம் கீறின கையெல்லோ! என்னை இருத்திவைச்சு எவ்வளவு வடிவாக் கீறினவள்! 'ஆடாமல் இருங்கோ அம்மா' எண்டு சொன்ன பிள்ளையெல்லோ! இனி ஆர் என்ர முகத்தைப் பாத்துக் கீறப்போகினம்?"

அந்த மண்டபத்தில் அவருடைய தமிழ் விளங்கிய ஒரே ஆள் நான்; நானோ செத்துக் கிடந்தேன். நான் பிறந்த நாள் முதல் அந்த வாயிலிருந்து வராத வார்த்தைகள் ஒவ்வொன்றாக வர, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சபை அதையும் நாடகம் என்றே நினைத்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆசிரியை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, நடிப்பு எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். என்னிடம், நீ மூச்சு விட்டது கடைசி வரிசைவரை தெரிந்தது என்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், "அம்மா, அந்தப் படம் உண்மையிலேயே வடிவோ?" என்று கேட்டேன்.

"செத்த ஆக்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, பிள்ளை" என்றார் யன்னலைப் பார்த்தபடி.

இனிக் கணக்கியல்தான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தினை மணிக்குச் சாகிறாய்? நான் வேலையில இருந்து வெள்ளனவே வெளிக்கிட வேணுமெல்லே."