நாடகக்காரியின் வலிக்குத் தேதி இருந்தது

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். கடந்த மழைக்காலத்தில் டீவியில், தமிழில் பேசும் துருக்கி நாடகம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டேன். வயலில் உழைக்கும் பெண்களின் கதை. பார்த்த ஒவ்வொரு பாகத்தையும் டயரியில் குறித்தேன்.

ஒரு பாகத்தில் ஒருத்தி, வயிற்றுவலியை அடக்க இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அறுவடைக்குப் போனாள்.

"பாவம்" என்றேன்.

கொழுந்து பறித்துவிட்டு வந்து அருகில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்தாள். "இதுக்குப் போயி பாவங்கிறீங்க! நானும் படங்க அப்படித்தாங்க இறுக்கிக் கட்டுறேன். பாதியில வந்தா அரைநாள் பேருதான் போடுவாங்க, சம்பளமும் பாதிதான்."

தேயிலைச் செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றும் அந்தப் படங்கை அவள் இறுக்குவதைத் தினமும் பார்த்தவன் நான்.

மறுநாளே கொட்டகலையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். "எப்போதிருந்து வலி?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"நாடகக்காரிக்கு எப்ப வலிச்சிச்சுன்னு கேளுங்க டொக்டர், டயரியப் பார்த்துச் சொல்லுவாரு" என்றாள் மனைவி.

கர்ப்பப்பையில் கட்டியாம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் வலி எப்படி என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் டயரியைத் திறக்கிறேன். அவள் சொல்வதுதான் அன்றைய முதல் வரி. நேற்று, "ஒண்ணுமில்லன்னு எழுதுங்க" என்றாள். நான் எழுதவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.